ட்ராட்டில் போனி ஏன் முரண்டு பிடிக்கிறது? காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போனிக்கு, அதாவது மட்டக்குதிரைக்கு, நடக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மேய்ச்சலில் தானாக ஓடினால் பஞ்சு மாதிரி மிதந்து போகிறது. முதுகில் ஆள் ஏறி ட்ராட் என்ற துள்ளோட்டத்துக்குத் தட்டினால்தான் வினை: காது பின்னால் மடிகிறது, வால் சுழல்கிறது, தலை எகிறுகிறது, நாலு அடி போனதும் மறுபடி நடைக்கு விழுகிறது. மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லும்போதே தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். "சோம்பேறி." "குறும்பு." "குழந்தை ஏறினால் மட்டும் வேலையைக் காட்டுகிறது." பெரிய குதிரை இப்படிச் செய்தால் மருத்துவரைக் கூப்பிடுவார்கள், போனி செய்தால் சாட்டையைத் தேடுவார்கள்.

குறும்பு போனிகள் இல்லாமல் இல்லை. ஆனால் ட்ராட்டில் மட்டும், ஒரே இடத்தில், ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நடக்கும் முரண்டை நான் முதலில் வலி என்றுதான் எடுத்துக்கொள்வேன். அந்த வலி எங்கே இருக்கிறது என்று தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு ஏணி. போனியை எல்லாவற்றையும் கழற்றி வெறுமையாகப் பாருங்கள். பிறகு வட்டம், சேணம், கடிவாளம், ஆள் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அவதி எந்தப் படியில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறதோ, தேடலை அங்கே தொடங்க வேண்டும்.

ஏன் ட்ராட்டில் மட்டும்?

ட்ராட் இரண்டு தாள நடை. இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக ஊன்றும். நடுவில் ஒரு கணம் நாலு கால்களும் காற்றில். அப்புறம் மற்ற ஜோடி. இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டிய நடை இது. அதனால் ஒரு கால் சுமையைத் தட்டிக்கழித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண நடையில் அதை மறைக்கலாம், ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் எந்தக் காலை முன்வைப்பது என்று தேர்ந்தெடுத்துச் சமாளிக்கலாம். ட்ராட்டில் ஒளிய இடமில்லை.

முதுகின் கதையும் இதேதான். நடையில் சவாரி செய்பவரின் எடை ஏறக்குறைய அப்படியே இறங்குகிறது. ட்ராட்டில் உட்கார்ந்து குலுங்கும்போது அது ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையாக முதுகில் மோதுகிறது. நடையில் சும்மா அழுத்தும் சேணம் ட்ராட்டில் குத்தும்.

முதலில்: ஏறவே கூடாத நாட்கள்

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஒரு காலை ஊன்றவே தயங்குவது, காலில் சூடும் வீக்கமும், குளம்பு கொதிப்பது. முக்கியமாக லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி. போனிகளுக்கு இது பெரிய குதிரைகளைவிட எளிதில் வரும். கொஞ்சம் கொழுத்துப்போய், புல் செழித்த காலத்தில் கட்டுப்பாடில்லாமல் மேய்ந்த போனி என்றால் சொல்லவே வேண்டாம். கடும் நிலையில் முன்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்கும். லேசான நிலையில் இவ்வளவு நாடகம் இருக்காது: கல் தரையில் குட்டையடி, திரும்பும்போது தயக்கம், ட்ராட் என்றால் மறுப்பு. வெறும் சோம்பேறித்தனம் போலவே தெரியும்.

குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம், இரு ஓரத்திலும், விரல் நுனியை லேசாக வைத்து நாடி பாருங்கள். ஆரோக்கியமான போனியில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், சில நேரம் கிடைக்கவே கிடைக்காது. விரலை வைத்ததும் துள்ளித் துள்ளி அடித்தால் குளம்புக்குள் ஏதோ அழற்சி. அன்று ஓட்டிப் பார்க்கும் சோதனைகூட வேண்டாம். இந்த நாடியை நல்ல நாளில் பத்து முறையாவது தேடிப் பழகுங்கள். இயல்பு எது என்று விரலுக்குத் தெரிந்திருந்தால்தான் மாற்றம் புரியும்.

படி 1: புகாரைத் துல்லியமாக எழுதுங்கள்

"ட்ராட்டில் சரியில்லை" என்பது போதாது. ஒரு நோட்டில் எழுதுங்கள்: தொடக்கத்தில் மோசமா, போகப்போக மோசமா? இடப்பக்க வட்டத்திலா, வலப்பக்கமா? கெட்டித் தரையிலா, மணலிலா? ட்ராட்டைத் தொடங்கும் அந்த முதல் அடியிலா, நடைக்கு இறங்கும்போதா? எழுந்து உட்காரும் ரைசிங் ட்ராட்டிலா, உட்கார்ந்தே போகும்போதா?

விறைப்பாகத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இளகிவிடும் போனியைப் பார்த்தால் எனக்கு மூட்டுத் தேய்மானம் ஞாபகம் வரும், அதிலும் ஹாக் எனப்படும் பின்னங்கால் நடு மூட்டு. நல்லபடியாகத் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் கெடும் போனி என்றால் சேணம், தசைச் சோர்வு, தசைநார் என்று மனம் போகும். இது ஒரு சாய்வுதான், முடிவல்ல.

அடுத்த பக்கத்தில், இது ஆரம்பித்த காலத்தை ஒட்டி என்ன மாறியது என்று எழுதுங்கள். லாடம் அடித்த தேதி, புது சேணம் அல்லது இரவல் சேணம், எடை கூடியது, தீனி மாறியது, பயிற்சித் தரை மாறியது, சவாரி செய்யும் பிள்ளை ஒரே வருடத்தில் வளர்ந்துவிட்டது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

கூடவே ஒரு எண்ணிக்கை. கைப்பேசியில் படம் எடுத்து, 15 விநாடியில் எத்தனை ட்ராட் அடி என்று எண்ணுங்கள். கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும் 2018இல் வெளியிட்ட, சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகள் கொண்ட பட்டியலில் இதுவும் உண்டு: 15 விநாடியில் 40க்கு மேல் என்றால் பதற்றமான ஓட்டம், 35க்குக் கீழே என்றால் இழுத்துப்பிடித்த ஓட்டம். அது பெரிய குதிரைகளைப் பார்த்து வகுத்த கணக்கு. குட்டைக்கால் போனி இயல்பாகவே வேகவேகமாக அடிவைக்கும் என்பதால், உங்கள் போனியின் நல்ல நாள் எண்ணிக்கையே உங்களுக்கு அளவுகோல்.

பட்டியலில் மற்றவை: காதை 5 விநாடிக்கு மேல் பின்னால் மடித்து வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, நாக்கை வெளியே தள்ளுவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வெறித்த பார்வை, தலையை ஒருபக்கம் சாய்ப்பது, வாலை இறுக்குவது அல்லது ஒருபக்கமாகப் பிடிப்பது, பின்னங்கால் நுனியைத் தேய்ப்பது, கேட்காமலே நடையை மாற்றுவது. 24இல் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் எலும்பு, மூட்டு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றிரண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் எட்டை எண்ணிவிட்டு "இது இப்படித்தான்" என்று சொல்லவும் வேண்டாம்.

படி 2: கையால் பாருங்கள்

கட்டிப்போடாமல், யாராவது கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருக்க, அமைதியான நேரத்தில் செய்யுங்கள். முகத்தைப் பார்க்க ஒருவர், தடவ ஒருவர் என்றால் இன்னும் நல்லது. தடவுகிறவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். போனியோ பதிலை முகத்தில் சொல்லும்.

குளம்பில் தொடங்குங்கள். சுத்தம் செய்து கல், பிளவு, நாற்றம், லாடம் நகர்ந்திருப்பது எல்லாம் பாருங்கள். கடைசியாகச் சீவி ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முன்நுனி நீண்டு குதிகால் சரிந்திருக்கலாம். ஒவ்வொரு அடியிலும் தசைநாருக்கு அது கூடுதல் இழுப்பு. பிறகு இரண்டு முன்கால்களை ஒப்பிட்டு, இரண்டு பின்கால்களை ஒப்பிட்டு மேலிருந்து கீழே தடவி வாருங்கள். ஒரு காலைத் தனியாகத் தடவினால் ஒன்றும் தெரியாது. மற்றதோடு வித்தியாசமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதுகுக்கு விரல்களின் தட்டையான பகுதியைப் பயன்படுத்துங்கள், நகத்தையோ கட்டைவிரல் நுனியையோ அல்ல. முதுகெலும்பிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, தோளின் பின்னாலிருந்து இடுப்புவரை, மிதமான அழுத்தத்தில் மெதுவாக நகருங்கள். ஒருமுறை லேசாக நெளிந்தால் கூச்சம். ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் தசை பலகை மாதிரி இறுகினால், விலகினால், தலையைத் திருப்பிக் கடிக்கப் பார்த்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேணத்துக்கு அடியில் வரும் இடமா, அதற்கும் பின்னாலா என்பது முக்கியம். வயிற்றுவார் வரும் இடம், முழங்கை மடிப்பு, வாயோரம் ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். அங்கே உரசல் புண் ஒன்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தாலும் முடியும்.

படி 3: வெறும் கயிற்றில், நேர்கோட்டில்

கெட்டியான, சமமான, வழுக்காத தரை 25 மீட்டர் போதும். கயிறு தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தலையாட்டத்தை நீங்களே மறைத்துவிடுவீர்கள். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில் என்று மூன்று முறை படம் எடுத்து மெதுவாக்கிப் பாருங்கள்.

முன்கால் வலி என்றால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே விழும். எடையை நல்ல காலில் போட்டு, கெட்ட காலிலிருந்து தூக்குகிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு மருந்து போடுவார்கள். பின்கால் என்றால் பின்னால் நின்று இரண்டு இடுப்பு எலும்பு முனைகளையும் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம் சந்தேகம். பொட்டு மாதிரி இரண்டு வெள்ளை ஒட்டுத்துண்டுகளை அந்த முனைகளில் ஒட்டிவிட்டால் படத்தில் பளிச்சென்று தெரியும்.

ஒரு ஏமாற்று உண்டு. பின்கால் நொண்டலும் தலையாட்டத்தை உண்டாக்கும், அதே பக்கத்து முன்கால் நொண்டுவது போலவே. இடப்பக்கம் முன்னும் பின்னும் இரண்டும் சந்தேகமாகத் தெரிந்தால் பின்காலை மறந்துவிடாதீர்கள்.

கண்ணை மூடிக் கேட்கவும் செய்யுங்கள். கெட்டித் தரையில் ட்ராட் ஒரே அளவில் தட்ட வேண்டும். ஒன்று பலமாகவும் ஒன்று பூனை நடை போலவும் கேட்டால், பலமாக விழுவது பெரும்பாலும் நல்ல கால்.

இரண்டு முன்கால்களும் ஒரே அளவு வலித்தால் தலை ஆடாது. காரணம், எடையைத் தள்ளிவிட நல்ல கால் என்று ஒன்று இல்லை. அடி குட்டையாகும், தோள் இறுகும், அவ்வளவுதான். "குலுக்கலான ட்ராட்", "தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது" என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி இதுவாக இருக்கலாம். உட்காருபவருக்கு வசதியில்லாத ட்ராட்டும் போனிக்கு வசதியில்லாத ட்ராட்டும் பல நேரம் ஒன்றே.

நொண்டல் என்றால் நமக்கே தெரியாதா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆய்வாளர் கிரெவ்வும் டைசனும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளர்கள் நலமாக இருப்பதாக நம்பி வேலை வாங்கிக்கொண்டிருந்த 506 குதிரைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியில் நொண்டல் இருந்தது.

படி 4: வட்டத்தில்

நீளக் கயிற்றில், 15 மீட்டர் அகல வட்டம், இரு பக்கமும் சில சுற்றுகள். தலையைக் கட்டும் வார்கள் எதுவும் வேண்டாம். முதலில் மெத்தென்ற தரை, பிறகு முடிந்தால் கெட்டித் தரை. உள்பக்க முன்கால் கெட்டி வட்டத்தில் மோசமானால் குளம்பை நோக்கிக் கை காட்டுகிறது. மெத்தென்ற தரையில் மோசமானால் தசைநார், தசை பக்கம் சந்தேகம் சாயும். நிறையச் சுற்ற விடாதீர்கள். சிறிய வட்டமே மூட்டுக்குச் சிரமம், சோதனையே காயமாகிவிடும்.

ஒரு காலை நீட்டியபடி பூட்டிக்கொண்டு வெடுக்கென்று விடுவிக்கிறதா? பின்கால் முழங்கால் மூட்டில் சில்லு எலும்பு மாட்டிக்கொள்வது போனிகளிடமும், உடல்வலு இல்லாத இளங்குதிரைகளிடமும் அடிக்கடி வரும். அதற்குத் தனி வழி உண்டு. மருத்துவரிடம் படத்தைக் காட்டுங்கள்.

இந்த நாலு படியிலும் போனி வழவழவென்று ஓடினால் மகிழ்ச்சி, ஆனால் முழு விடுதலை இல்லை. ஆள் ஏறினால் மட்டும் வெளிப்படும் நொண்டல்களும் உண்டு.

படி 5: சேணம் மட்டும், ஆள் இல்லாமல்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். போனியின் உடல்வாகு சேணத்துக்கு எதிரி. முதுகு பீப்பாய் மாதிரி உருண்டை, தோள்மேடு (பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடம்) தட்டை, முதுகோ குட்டை. சேணம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் முன்னால் வழுகும், பக்கவாட்டில் உருளும். அதைத் தடுக்க வாரை இழுத்து இறுக்குவார்கள். அது இன்னொரு வலி.

ஒரு சாம்பல் நிறப் போனி ஞாபகம் வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஓட்டும். இடப்பக்க மூலையில் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கும், மூன்றாவது அடியில் நடைக்கு விழும். கயிற்றில் வெறுமையாக ஓட்டினால் குறையே சொல்ல முடியாது. சேணத்தைப் போட்டு ஓட்டினோம். நாலாவது சுற்றில் காது மடிந்தது. நிறுத்தி, சேணத்தின் முன்பகுதிக்கு அடியில் என் கையைத் தட்டையாக விட்டேன். இன்னொருவர் அந்தப் பக்க முன்காலை முன்னால் நீட்டிப் பிடித்தார். தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால் சுழன்று வந்து என் விரல்களைச் சேணத்தின் சட்டத்தோடு வைத்து நசுக்கியது. கையை வெளியே இழுக்க முடியவில்லை. ட்ராட்டில் அந்த நசுக்கல் அதன் தோளுக்கு ஒவ்வொரு அடியிலும். சேணத்தைக் கழற்றினால் முதுகு முழுக்க வியர்வை, தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு. வறண்ட காலத்தில் அளவெடுத்த சேணம் அது. புல் செழித்ததும் போனி அகலமாகிவிட்டது. உதவியாக இருக்கட்டும் என்று யாரோ தடிமனான பஞ்சுத் திண்டு வேறு வைத்திருந்தார்கள். இறுக்கமான செருப்புக்குள் கனமான காலுறை போட்ட கதை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை: திண்டு எதுவும் இல்லாமல் சேணத்தை வெறும் முதுகில் வையுங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பை விரலால் தேடி, சேணத்தின் சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, ஆள் உட்கார்ந்த பிறகும் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடியில் ஓடும் நடுக் கால்வாய் முதுகெலும்பைத் தொடாமல் மூன்று நாலு விரல் அகலம். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. கடைசி விலாவை விரலால் கண்டுபிடித்து, அதன் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்தால் எல்லை கிடைக்கும். குட்டை முதுகுப் போனிகளில் பெரும்பாலும் இதுதான் தவறும். சேணத்தைப் பிள்ளையின் அளவுக்கு வாங்குகிறார்கள், போனியின் முதுகுக்கு அல்ல.

பிறகு முதுகைத் தொடும் சேணப் பட்டைக்கு அடியில் கையை முன்னாலிருந்து பின்வரை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் இறுகி நடுவில் வெற்றிடம் இருந்தால் சேணம் பாலம் மாதிரி நிற்கிறது, எடை நாலு இடத்தில் குவிகிறது. நடுவில் மட்டும் தொட்டு முன்னும் பின்னும் ஆடினால், ரைசிங் ட்ராட்டில் அது ஊஞ்சல்.

வேலை முடிந்து கழற்றும்போது வியர்வைப் படத்தைப் பாருங்கள். சீராக நனைந்திருப்பது நல்லது. நனைந்த பரப்பின் நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும். வெள்ளை முடிக்கற்றை பழைய காயத்தின் தழும்பு. அதை இன்றைய சேணத்தின் மேல் போடாதீர்கள்.

இனி என் தப்பு ஒன்று. ஒரு பழுப்புப் போனிக்குச் சேணம் எப்போதும் வலப்பக்கம் சரியும். உட்காருகிற பிள்ளை கோணல் என்றேன். பட்டையின் நிரப்பைச் சரிசெய்ய வைத்தேன். இரண்டு முறை. மூன்றாவது மாதம் மருத்துவர் பார்த்தபோது பிரச்சினை வலது பின்கால் ஹாக்கில். பின்கால் நொண்டும் குதிரையின் முதுகு சமச்சீராக அசைவதில்லை. சேணம் பெரும்பாலும் நொண்டும் பக்கமாக வழுகிறது. டைசனும் கிரெவ்வும் பார்த்த குதிரைகளில், மரத்துப்போகும் ஊசி போட்டு நொண்டலை நிறுத்தியதும் அநேகமாக எல்லாவற்றிலும் சேணம் நேராகிவிட்டது. அதற்குப் பிறகு, ஆள் மாறியும் ஒரே பக்கம் சரியும் சேணத்தைப் பார்த்தால் நான் முதலில் பின்காலைத்தான் பார்க்கிறேன்.

படி 6: வாயும் கடிவாளமும்

தலைத் தொந்தரவு அதிகம் என்றால் இங்கே நில்லுங்கள். வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டோடு ட்ராட் ஓட்டிப் பாருங்கள். தலை அடங்கினால் வாய்ப்பக்கம் தேடுங்கள்.

போனியின் வாய் வெளியிலிருந்து தெரிவதைவிடச் சின்னது. நாக்கு தடிமன், மேலண்ணம் தாழ்வு, இடம் கொஞ்சம். மென்மையானது என்று நம்பி வாங்கும் தடித்த பிட் (வாயில் மாட்டும் இரும்பு) அங்கே வாய் நிறைய அடைத்துக்கொள்ளும். மூக்குவார் இறுக்கமா என்று மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள், கன்னத்தில் அல்ல. மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகும்போது, இறுகிய மூக்குவார் கன்னத்தை அந்தக் கூர்மையில் அழுத்தும். பிட்டையே கழற்றினாலும் இந்த வலி போகாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பல் பார்த்திருக்க வேண்டும். இரண்டரை முதல் ஐந்து வயதுக்குள் பால்பற்கள் விழும் காலத்தில் இன்னும் அடிக்கடி.

தலையை மேலும் கீழும் சடக்கென்று வெட்டுவது, மூக்குக்குள் பூச்சி போனது போலத் தேய்ப்பது, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வருவது, ட்ராட்டில் அதிகமாவது: இது முக நரம்பு சம்பந்தப்பட்ட தலையாட்டல் நோயாக இருக்கலாம். பிட்டை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 7: ஆள் ஏறிய பிறகு

முதலில் கணக்கு. சேணத்தோடு சேர்த்து ஆளின் எடை போனியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பரவலான வழிகாட்டு அளவு. 200 கிலோ போனிக்கு 40 கிலோ. சேணம் 6 கிலோ என்றால் பிள்ளைக்கு மிச்சம் 34. போனி கொழுத்து 240 கிலோ ஆகிவிட்டதே, இப்போது 48 கிலோ சுமக்கலாமே என்று கேட்பார்கள். அந்த 40 கிலோ கொழுப்பையும் அதே கால்கள்தான் சுமக்கின்றன.

அடுத்து மூன்று சிறு சோதனைகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முதலில், லேசான, அனுபவமுள்ள இன்னொருவர் ஏறட்டும். அவதி மறைந்தால் வழக்கமாக ஏறுபவரின் சமநிலையைப் பாருங்கள்: கடிவாள வாரைப் பிடித்து எழுந்திருக்கும் கை, தொப்பென்று விழும் உட்கார்வு. கழுத்தில் ஒரு வார் கட்டி அதைப் பிடிக்கச் சொன்னாலே பாதி தீரும். இரண்டாவது, அங்கவடியில் எடையைத் தாங்கி, இடுப்பைச் சேணத்திலிருந்து சற்றுத் தூக்கியபடி ட்ராட். அப்போது போனி முதுகை இளக்கி ஓடினால் முதுகு, சேணம், விழும் விதம் மூன்றில் ஒன்று.

மூன்றாவது எனக்குப் பிடித்த சோதனை. ரைசிங் ட்ராட்டில் ஒரு ஜோடிக் கால்கள் ஊன்றும்போது உட்காருகிறோம், மற்ற ஜோடிக்கு எழுகிறோம். நேர்கோட்டில் பத்து அடி ஒரு ஜோடியில் உட்கார்ந்து, பிறகு மற்ற ஜோடிக்கு மாறுங்கள். ஒன்றில் வசதியாகவும் மற்றதில் தூக்கியெறிவது போலவும் இருக்கிறதா? மூலையில் உங்களை அறியாமலே பழைய ஜோடிக்குத் தள்ளிவிடுகிறதா? ஒரு பின்கால் உங்கள் எடையை வாங்க மறுக்கிறது என்று போனி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பின்காலின் மேற்பகுதித் தசைநார் வலி பல நேரம் இப்படித்தான் வெளிப்படும். வருடக்கணக்காக ஒரே ஜோடியில் உட்கார்ந்து பழகிய சவாரியும் இதே மாதிரி கோணலை உண்டாக்க முடியும் என்பதால், வேறு ஆளை வைத்தும் பாருங்கள்.

வலுவின்மை, அனுபவமின்மை, மனப்பாடமான பயம் இவற்றைக் கடைசியில்தான் வைப்பேன். நாலு வயதுப் போனி தள்ளாடுவது இயல்பு. ஆனால் வலுவின்மை வாரந்தோறும் குறைய வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகப் பழக்கியும் குறையவில்லை என்றால் அது வலுவின்மை இல்லை.

மருத்துவரை அழைக்கும்போது

ஒரே நாளில் சேணம், பிட், லாடம் மூன்றையும் மாற்றிவிடாதீர்கள். சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஒரு வாரம் பார்த்து, எழுதி, அடுத்தது. நொண்டல் தெரிந்தாலோ, எட்டு அறிகுறிகளை எண்ணினாலோ இந்த நிதானத்துக்கும் நேரமில்லை, நேரே மருத்துவர்.

வருவதற்கு முன் வலி மருந்து கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். சேணத்தையும் சவாரி செய்யும் பிள்ளையையும் தயாராக வைத்திருங்கள், "ஏறி ஓட்டிக் காட்டட்டுமா" என்று நீங்களே கேளுங்கள். மருத்துவர் கால் மூட்டை ஒரு நிமிடம் மடித்துப் பிடித்து உடனே ஓடவிடுவார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக மரக்கச் செய்து எந்த ஊசியில் ட்ராட் மாறுகிறது என்று பார்ப்பார். எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான் பயன்படும், எங்கே எடுப்பது என்று அப்போதுதான் தெரியும். சில நாள் வலிமருந்து கொடுத்துப் பார்க்கச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்னேற்றம் இருந்தால் வலிதான், இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. போனி 15 வயதைத் தாண்டியிருந்தாலோ, கழுத்து மேட்டில் கொழுப்புக் கட்டியிருந்தாலோ ஹார்மோன், இன்சுலின் ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். லேமினைட்டிஸின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

சரியான பிறகு

அந்தச் சாம்பல் நிறப் போனிக்கு அகலமான சேணம் வந்த முதல் நாளும் அதே மூலையில் தலையைத் தூக்கத்தான் செய்தது. உடம்பு மறந்தாலும் எதிர்பார்ப்பு மறக்க நாளாகும். இரண்டு வாரம் சவாரியே இல்லாமல் கயிற்றில் நடந்தது. அப்புறம் ஆளோடு நேர்கோட்டில் இருபது அடி ட்ராட், நடை, தட்டிக்கொடுத்தல், அவ்வளவுதான். மூலைகளை மூன்றாவது வாரம்தான் தொட்டோம். ஒருநாள் அந்தப் பிள்ளை மூலையைத் தாண்டி ஓடிக்கொண்டே, எழுந்து உட்காருவதை மறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனி காதை முன்னால் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.